உன் இஷ்டம்

அப்பாவை இடப்பக்கமாகப் புரட்டிப் பிடித்திருந்த நேரம் பார்த்துத்தான் வாசல் மணி அடித்தது. கட்டிலின் அந்தப் பக்கம் நர்ஸ் நனைந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இவள், அப்பாவின் தோளையும் இடுப்பையும் தாங்கியபடி. கையை எடுத்தால் மனிதர் உருண்டுவிடுவார். மணி மறுபடியும் அடித்தது. தம்பியைத் தவிர அந்த வீட்டு மணியை அடுத்தடுத்து இரண்டு தரம் அடிக்கிற அவசரக்காரன் வேறு யாரும் இல்லை. "திறந்துதான் இருக்கு, தள்ளு" என்று இவள் போட்ட சத்தத்தில் அப்பாவின் இமை லேசாகத் துடித்தது.

தம்பி உள்ளே வந்தான். பையை நடையிலேயே போட்டுவிட்டு, ஷூவைக் கழற்றி, கையைக் கழுவி, இவள் இடத்தில் வந்து நின்று அப்பாவை வாங்கிக்கொண்டான். இரண்டு பெண்கள் மூச்சு வாங்கத் தாங்கிய உடம்பு அவன் ஒரு கையில் அடங்கிவிட்டது. நர்ஸ் புது விரிப்பைப் போட்டார். காலையில் வந்த டாக்டர், இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று பூசி மெழுகாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேச்சு நின்று எட்டு நாள் ஆகிறது. நேற்றுவரை வலது கையைப் பிடித்தால் பதிலுக்கு அழுத்தினார், இன்று அதுவும் இல்லை.

நர்ஸ் தம்பியை இரண்டு தரம் பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது. இந்த நாட்டில் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு அவனைப் பெயர் சொன்னால் சட்டென்று புரியாது, 'பதினோரு நிமிஷம்' என்றால் சிரித்துக்கொண்டே "அவனா" என்பார்கள். நர்ஸ் மரியாதை தெரிந்தவர், சிரிக்கவில்லை. காதுதான் கடைசியில் போகும், அதனால் இரண்டு பேரும் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள் என்று மட்டும் சொன்னார். சொன்னது அம்மாவின் மொழியில்.

அந்த வீட்டில் என்றைக்கும் இரண்டு மொழி. அம்மா இந்த நாட்டுக்காரி. அப்பா வேறு நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, ஆஸ்பத்திரி பாய்லர் அறையில் முப்பத்தெட்டு வருஷம் வெந்தவர். அம்மாவோடு அம்மா மொழி, அப்பாவோடு தமிழ், சண்டை வந்தால் அவரவர் மொழி. இவள் இரண்டிலும் முழுசாக வளர்ந்தாள். தம்பியைத்தான் பன்னிரண்டு வயதில் கால்பந்துப் பயிற்சி விடுதிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவன் வளர்ந்தான், அவன் தமிழ் அங்கேயே நின்றுவிட்டது. இவள் அப்பாவை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முப்பத்துநாலு வயதில், காதோரம் நரைத்த பிறகும், அவனுக்கு அப்பா இன்னும் "நீ"தான். பசிக்குது, வலிக்குது, தூக்கம் வருது, நல்லா இருக்கு, நல்லா இல்ல. இதற்கு மேல் அவனிடம் சரக்கு கிடையாது. பெரியவர்கள் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைக்கிற வித்தை பன்னிரண்டுக்குப் பிறகுதானே பிடிபடும். அப்போது அவன் வீட்டில் இல்லை.

அவன் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை விலக்கினான். அப்பாவின் பாதம் சில்லிட்டிருந்தது. கட்டைவிரலால் குதிகாலிலிருந்து ஆரம்பித்து, கெண்டைக்காலை அடியிலிருந்து மேலே தள்ளித் தள்ளிப் பிசைந்தான். ஆட்டம் முடிந்த பிறகு அவனுக்குப் பதினெட்டு வருஷமாக யார் யாரோ செய்துவிட்டது. பேசத் தெரியாதவனுக்குக் கையாவது பேசுகிறதே என்று இவள் நினைத்துக்கொண்டாள். அவன் இடது முழங்காலில் பட்டி சுற்றியிருந்தான். இந்தப் பருவத்தோடு அவ்வளவுதான் என்று போனில் சொல்லியிருந்தான். இரண்டாம் பிரிவு அணி, இடது பின்கள ஆட்டக்காரன், நானூற்றுச் சொச்சம் ஆட்டங்கள். யாரும் குறை சொல்ல முடியாத பிழைப்பு. ஆனாலும் கேட்கிறவர்கள் கேட்பது அந்தப் பதினோரு நிமிஷத்தைத்தான்.

விஷயம் இதுதான். அவனுக்கு இருபத்தொரு வயதானபோது இரண்டு நாட்டிலிருந்தும் கடிதம் வந்தது. அம்மா நாடு பெரிய அணி, ஆள் நிறைய. அப்பா நாடு சின்ன அணி, இவன் போனால் பத்து வருஷத்துக்கு அந்த இடத்தை யாரும் அசைக்க முடியாது. அன்றைய விதிப்படி, கணக்கில் சேரும் ஆட்டம் ஒன்றில் ஒரு நிமிஷம் ஒரு நாட்டுக்கு ஆடினாலும் சாகும்வரை அந்த நாட்டுக்காரன். இவன் அம்மா நாட்டைத் தேர்ந்தெடுத்தான். நாலு கோல் முன்னால் இருந்த ஆட்டத்தில், எழுபத்தொன்பதாவது நிமிஷத்தில் இறக்கினார்கள். மூன்று முறை பந்தைத் தொட்டான், ஒரு முறை பக்கவாட்டிலிருந்து எறிந்தான், விசில் ஊதிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. தங்களுக்கு வேண்டியிருந்தால்தானே கூப்பிடுவதற்கு. அடுத்தவனுக்குப் போய்விடக்கூடாது, அவ்வளவுதான். முத்திரை குத்திவிட்டுக் கை கழுவிவிட்டார்கள். பின்னால் விதியைத் தளர்த்தினார்கள் என்று கேள்வி. தளர்த்துவதற்குள் இவனுக்கு வயசாகிவிட்டது.

அந்தத் தேர்வை அவன் யாரையும் கேட்காமல் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அப்பா பின்கட்டில் உட்கார்ந்து மறுநாள் வேலைக்குப் போகும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு, "அப்பா, நான் இந்த ஊருக்கே ஆடட்டுமா?" என்று கேட்டான். அப்பா நிமிரவில்லை. பிரஷ் நிற்கவில்லை. "உன் இஷ்டம்" என்றார்.

தமிழ் வீட்டில் முழுசாக வளர்ந்த யாரிடமாவது இந்த இரண்டு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். எடுத்த சட்டையைத் திரும்ப மடித்து வைத்துவிடுவார்கள். போட்ட செருப்பைக் கழற்றிவிடுவார்கள். வேண்டாம் என்றால்கூட ஒரு சண்டை போட்டுப் பார்க்கலாம். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று என்று அர்த்தம். அப்பா தன் மகனும் இதைத் தெரிந்தவன்தானே என்று நினைத்துச் சொன்னார். மகனோ அகராதியில் இருக்கிறபடி கேட்டுக்கொண்டான்.

ஆனால் அவனுக்கும் எங்கேயோ இடறியிருக்க வேண்டும். மாடிப்படியில் இவளை நிறுத்தி, "அக்கா, அப்பா சரின்னுதானே சொன்னாரு?" என்று கேட்டான். இவளுக்கு எல்லாம் தெரியும். பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள். அப்பாவின் கழுத்து நரம்பைப் பார்த்தவள். அவன் அங்கே ஆடப் போனால் அதையே சாக்காக வைத்து அப்பாவும் வேலையை விட்டுவிட்டுத் தன் ஊருக்கே போய்விடுவார் என்பதும், அம்மா இந்த மண்ணை விட்டு நகர மாட்டாள் என்பதும், வீடு இரண்டாகும் என்பதும், நடுவில் நின்று இரண்டு பக்கமும் இழுபடப்போவது தான்தான் என்பதும் அந்த ஒரு நிமிஷத்தில் இவள் கண் முன்னால் வந்து நின்றன. "ஆமாடா, சரின்னுதான்" என்றாள். அவன் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அந்த ஆட்டம் முடிந்த மறுநாள் அப்பா இவளிடம், அவன் புரிந்துகொண்டுதானே செய்தான் என்று கேட்டார். புரியவில்லை அப்பா, அவன் தமிழ் அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அவன் கேட்டபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். "புரிஞ்சுதான்ப்பா" என்றாள். அப்பா தலையாட்டினார். அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் மகனிடம் முழங்கால் எப்படி இருக்கிறது, மழையா அங்கே, சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அப்பாவின் நாடு முதல்முறையாகப் பெரிய போட்டிக்குத் தேறிய வருஷம், கூடத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தனியாகப் பார்த்தார். எதிரணி, மகன் நின்றிருக்க வேண்டிய இடது பக்கமாகவே புகுந்து புகுந்து அடித்தது. பாதியில் அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா போன பிறகும் அவர் ஊருக்குத் திரும்பவில்லை. யாருக்காகப் போவது என்றார்.

மத்தியானம் நர்ஸ் சாப்பிட வெளியே போனார். இவள் பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டைத் துடைத்தாள். தம்பி கால்மாட்டிலிருந்து எழுந்து தலைமாட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, அப்பாவின் காதுக்கு நேராகக் குனிந்தான்.

"அப்பா. நான் வந்துட்டேன்ப்பா. அன்னிக்கு நான் நல்லா ஆடல. அதான் திரும்பக் கூப்பிடல. உனக்கு அசிங்கமாப் போச்சு, எனக்குத் தெரியும். சாரிப்பா."

இவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். பதின்மூன்று வருஷமாக இவன் இப்படியா நினைத்துக்கொண்டிருந்தான். தான் மோசமாக ஆடியதால் அப்பா வெட்கப்பட்டு விலகிவிட்டார் என்று. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீரை மாற்றினாள், மாற்றியதையே மறுபடியும் கொட்டி மாற்றினாள். சொன்னால் தம்பி போய்விடுவான். அப்பாவும் போன பிறகு இவளுக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான். சொல்லாவிட்டால் அவன் இந்தப் பழியைத் தலையில் சுமந்துகொண்டே கிழவனாவான். சொல்லாமல் இருப்பது ரொம்பச் சுலபமாக இருந்தது. பதின்மூன்று வருஷமாகச் செய்து செய்து கைவந்த வேலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது இவளுக்கு.

திரும்பி வந்து கதவு நிலையிலேயே நின்றாள்.

"நீ மோசமா ஆடலடா."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன். விஷயம் அது இல்ல. நீ அவர் ஊருக்கு ஆடணும்னுதான் அப்பா ஆசைப்பட்டார்."

தம்பி திரும்பினான். "சரின்னு சொன்னாரே. என் இஷ்டம்னாரு."

"அது சரின்னு அர்த்தம் இல்ல."

"இஷ்டம்னா இஷ்டம்தானே?"

"உன் இஷ்டம்னா எனக்குப் பிடிக்கலன்னு அர்த்தம். செய்யாதன்னு அர்த்தம்."

அவன் உதடு அந்த இரண்டு சொல்லையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. பிறகு இவளைப் பார்த்தான். இவள் பயந்தது அந்தப் பார்வைக்குத்தான்.

"உன்னைக் கேட்டேனே. படியில."

"கேட்ட."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல இவளிடம் காரணம் தயாராக இருந்தது. வீடு, அம்மா, இரண்டாக உடைவது, எல்லாம். அவன் கேட்காததால் அது வாய்க்குள்ளேயே கிடந்து புளித்தது. இன்னொன்றும் இருக்கிறது என்று மிச்சத்தையும் கொட்டினாள். அப்பா கேட்டதும், புரிந்துதான் செய்தான் என்று தான் சொன்னதும். அவன் அதைக் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டான். முழங்கால் மடங்க மறுத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அப்ப நான் வேணும்னே பண்ணேன்னு நினைச்சிட்டு இருக்காரா? இப்பவும்?"

இவள் கதவு நிலையிலிருந்து கட்டில் பக்கம் வந்தாள்.

"சொல்லு அவர்கிட்ட."

"இப்பவா?"

"காது கேக்கும்னு அந்தம்மா சொன்னாங்கல்ல. எனக்குத் தப்பாச் சொல்ல வரும். நீ சொல்லு."

இவள் தலைமாட்டில் மண்டியிட்டாள். அப்பாவின் காது மடல் மெழுகாக வெளுத்திருந்தது. அப்பா, அவனுக்கு நீங்கள் சொன்னது புரியவில்லை, சரி என்று சொன்னதாகத்தான் நினைத்தான், என்னைக் கேட்டான், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றாள். பாதியில் குரல் உடைந்து வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்பாவின் மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அதில் பதில் எதுவும் இல்லை.

"திரும்பச் சொல்லு," என்றான் தம்பி. "மெதுவா."

திரும்பச் சொன்னாள். இந்த முறை வீட்டையும் அம்மாவையும் பற்றி ஒரு வார்த்தை இழுத்தாள், அவன் வேண்டாம் என்று தலையை அசைத்தான். மூன்றாவது முறை அதையெல்லாம் விட்டுவிட்டாள். "அவனுக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா உங்க ஊருக்குத்தான் ஆடியிருப்பான். நான்தான் பொய் சொன்னேன்." அவ்வளவுதான் மிஞ்சியது.

அதற்குள் நர்ஸ் திரும்பி வந்து வாசற்படியில் நின்றிருந்தார். ஒரு சொல் புரிந்திருக்காது. மகள் அப்பாவின் காதில் அன்பாக ஏதோ சொல்லி வழியனுப்புகிறாள் என்று நினைத்து, நல்லது, அப்படித்தான் பேச வேண்டும் என்பதுபோல அருகில் வந்து இவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். இவளுக்கு அந்தக் கை நெருப்பாகச் சுட்டது.

மூன்றேகாலுக்கு அப்பா மூச்சை இழுத்தார், விட்டார், அடுத்ததை இழுக்கவில்லை. எதிர்பார்த்திருந்தும் இருவரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். நர்ஸ் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு தாளில் நேரத்தை எழுதினார். அப்பா கேட்டுவிட்டுப் போனாரா, கேட்காமல் போனாரா என்று எந்தத் தாளிலும் எழுத முடியாது. இவள் அழுதாள். தம்பி அப்பாவின் பாதத்தைப் போர்வைக்குள் எடுத்து வைத்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, வெளியே போய்விட்டான்.

டாக்டருக்குச் சொல்லி, சவ அடக்கக்காரர்களுக்குச் சொல்லி, தான் வேலை பார்க்கும் பஸ் டிப்போவுக்கு விடுப்புச் சொல்லி முடித்தபோது மணி நாலரை. நர்ஸ் கையைப் பிடித்து விடைபெற்றுக்கொண்டு போனார். நடையில் தம்பியின் பை அப்படியே கிடந்தது. ஆனால் பையை விட்டுவிட்டும் போகக்கூடியவன்தான் அவன். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். ஒரு பெண்மணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். வேறு யாரும் இல்லை. போனால் போகட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் தெருவைப் பார்த்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். இவ்வளவு நேரமும் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான், கால்சட்டை முழுக்கச் சுண்ணாம்பு. கண் சிவந்திருந்தது. இவளைப் பார்க்காமல் சமையலறை மேஜைக்குப் போய், போனை எடுத்து அத்தையின் நம்பரைத் தேடினான். அப்பாவின் ஒரே அக்கா, அங்கே அவருடைய ஊரில் இருக்கிறவள். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது.

"நானே சொல்றேனே," என்றாள் இவள்.

"இல்ல. நான்தான் சொல்லணும்." நம்பர் கிடைத்தும் அழுத்தாமல் நின்றான். "என்னன்னு சொல்லணும்? அப்பா செத்துட்டாருன்னா?"

"அப்படிச் சொல்லாத. பெரியவங்க. தவறிட்டாருன்னு சொல்லு."

அவன் தலையை நிமிர்த்தினான். உள்ளே வந்ததிலிருந்து இப்போதுதான் இவள் முகத்தைப் பார்க்கிறான்.

"தவறுன்னா தப்புதானே? அப்பா தப்புப் பண்ணிட்டாருன்னு ஆகாதா?"

"தப்புன்னும் இருக்கு. ஆனா, ஒருத்தர் தவறிட்டாருன்னா இறந்துட்டாருன்னுதான் அர்த்தம்."

"வேற ஏதாவது அர்த்தம் இருக்கா?"

கேலியாகக் கேட்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. சாலையைக் கடக்கிறவன் இரண்டு பக்கமும் பார்ப்பதுபோலக் கேட்டான். அடித்திருந்தால்கூட இவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"கைதவறிப் போச்சுன்னு சொல்வாங்க, கையிலேர்ந்து நழுவினா. பஸ்ஸைத் தவறவிட்டேன்னு சொல்வாங்க. சொன்ன நேரம் தவறாம வந்தான்னும் சொல்வாங்க." யோசித்து யோசித்துச் சொன்னாள். ஒன்றையும் மறைத்ததாக இருக்கக்கூடாது. "அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்டா."

அவன் நம்புகிறானா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. பிறகு நம்பரை அழுத்தினான். நாலைந்து தரம் அடித்த பிறகு அத்தை எடுத்து, யாருப்பா என்றாள். அவன் தன் பெயரைச் சொன்னான். "அத்தை, அப்பா தவறிட்டாரு," என்றான், ஒவ்வொரு எழுத்தாக.

அந்தப் பக்கம் அத்தை பேச ஆரம்பித்தாள். அழுகையும் பேச்சுமாக, வேகமாக, நிறுத்தாமல். தம்பி நெற்றியைச் சுருக்கிக் கேட்டான். பாதிக்கு மேல் அவனுக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்தது. போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை நடுவில் வைத்தான். காலால் ஒரு நாற்காலியை இவள் பக்கம் தள்ளினான்.